பதிவேட்டில் மட்டும் பறந்த கழுகு

பொறாமை என்ற சொல்லை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது நைசாக நுழைத்தால் நீங்கள் என்னை நல்லவன் என்று நம்பிவிடுவீர்கள். எனக்கு ஒரு பெண்ணின் கண்கள்மேல் பொறாமை. அந்தப் பொறாமையோடுதான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். போன மாதம் ஓய்வும் பெற்றேன்.

என் பெயர் துரைராஜ். ஊர் மண்ணூர்பேட்டை. எங்கள் பறவைக் கழகத்தில் முதலில் வேன் ஓட்டினேன், பிறகு உதவி வழிகாட்டி, கடைசியில் முதன்மை வழிகாட்டி. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து ஏரிகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பருந்து, கழுகு, வல்லூறு என்று இரைபிடிக்கும் பறவைகளைக் காட்டுவது எங்கள் வேலை. விடைபெற்ற அன்று சால்வை போட்டார்கள், புகழ்ந்தார்கள், நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

அடுத்த வாரம் நிவேதா போன் செய்தாள். நூம்பலில் அடுக்குமாடியில் குடியிருக்கிற பெண், ஐ.டி.யில் வேலை, விடுமுறை நாட்களில் கழகத்தின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

“ஐயா, பாரிவாக்கம் ஏரியில பெரும்புள்ளிக் கழுகுன்னு ஒரே ஒரு பதிவு இருக்கு. நீங்க பாத்தது. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. இப்பல்லாம் போட்டோ இல்லாம எதையும் ஏத்துக்க மாட்டாங்க. எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தந்தீங்கன்னா சேத்துடலாம். சின்னப் பசங்களுக்கும் உதவியா இருக்கும்.”

சரிம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் அதை ஒரு பக்கத்தில் எழுத முடியாது.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கை, கோழி, கிளி. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. நான்கு வருடம் வேனை ஓட்டி, டெலஸ்கோப்பின் முக்காலியைத் தோளில் சுமந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று காதில் விழுந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கழகத்தை நடத்தியவர் சபேசன் சார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பைனாகுலரைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, அதன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒருமுறை வேன் சாவியை நான் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனதற்கு, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு கால் மணி நேரம் துடைத்தார்.

மற்ற பறவைகளைப் பார்க்கிறவர்கள் இருட்டோடு கிளம்புவார்கள். எங்கள் நடை எட்டு மணிக்குத்தான். தரை சூடேறி, அந்தச் சூட்டில் காற்று மேலே எழும்பினால்தான் கழுகும் பருந்தும் அதில் ஏறி இறக்கை அடிக்காமல் வட்டமிடும். ஏரிக்கரையில் கூட்டம் வந்து நின்றதும் சார் முதலில் அடையாளங்களைச் சொல்வார். மின்கோபுரம், ஒற்றைப் பனை, மதகு, குடிநீர்த் தொட்டி, மஞ்சள் மாடி வீடு. வந்தவர்கள் எல்லாரும் அந்த ஐந்தையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆஃபீசர்கள்கூடச் சொல்வார்கள்.

பறவை தெரிந்தால் யாரும் கைகாட்டக் கூடாது. “நீ கைய காட்டினா அவங்க உன் கையத்தான் பாப்பாங்க, வானத்தைப் பாக்க மாட்டாங்க” என்பார் சார். கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்க வைத்து அளந்து, ‘தொட்டிக்கு மேலே மூன்று விரல், வலது பக்கம் இரண்டு விரல்’ என்று சொல்ல வேண்டும். பெயரை எடுத்ததும் சொல்லக் கூடாது. வால் எப்படி, இறக்கை எப்படி, பறக்கிற வாகு எப்படி என்ற மூன்றையும் சொன்ன பிறகுதான் பெயர்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று இருந்தது. நடை முடிந்து டீக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும் சார் நீளமான பதிவேட்டைத் திறந்து பறவைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பார்த்தவர் ஒருவர், சாட்சி ஒருவர். சாட்சியும் வால், இறக்கை, வாகு மூன்றையும் தன் வாயால் சொல்ல வேண்டும். ஆமாம் ஆமாம், நானும் பார்த்தேன் என்று தலையாட்டினால் செல்லாது. சாட்சி இல்லாத பறவை, அது கருடனே ஆனாலும், பதிவேட்டில் ஏறாது.

நான்காவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார் முதல் முறையாக என்னைப் பார்த்து, “துரை, கோபுரத்து மேல உக்காந்திருக்கே, அது என்னன்னு நீ சொல்லேன்” என்றார். இருபது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வல்லூறு என்றேன்.

அப்போது ஏரிக்குள் ஆகாயத்தாமரை அகற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி குரல் கொடுத்தாள்.

“அது வேறண்ணா. வல்லூறு எங்க தெருவுலயே வரும். இதுக்கு மீச கீது பாரு.”

கூட்டம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பைரி. கன்னத்தில் மீசைபோலக் கறுப்புப் பட்டை இறங்கியிருந்தது. பாயும் வேகத்தில் அதை மிஞ்சப் பறவை கிடையாது. அது அங்கே உட்கார்ந்திருந்ததை டெலஸ்கோப் இல்லாமல், தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கையில் ஆகாயத்தாமரையோடு ஒருத்தி பார்த்துவிட்டாள். அவள்தான் கஸ்தூரி. பாரிவாக்கத்துக்காரி. அவள் வீட்டில் எல்லாரும் ஒரு காலத்தில் அந்த ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர்கள்.

அடுத்த வாரமே சார் அவளை வேலைக்குச் சேர்த்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சேர்ந்த மூன்றாம் நாள் தன் கழுத்திலிருந்த பழைய பைனாகுலரைக் கழற்றி அவளிடம் கொடுத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான்கு வருடம் முக்காலி சுமந்தவன் நான். அந்தத் தோல் வாரைத் தைத்துக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு வேனைத் திருப்பும்போது ஆத்திரத்தில் ஒரு வேலிக் கல்லில் இடித்துவிட்டேன். சார் கேட்டதற்குப் பிரேக் சரியில்லை என்றேன்.

பிறகு ஐந்து வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். அவள் கண்ணில் படாத பறவை கிடையாது. நாமக்கோழிகள் தண்ணீர்மேல் நெருங்கிக் கூடினால் மேலே ஏதோ வருகிறது என்று அர்த்தம் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் நாமக்கோழிகள் கூடுவதற்கு முன்பே மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும். பக்கத்தில் நின்றால் அந்தச் சூடு அவளுக்கே தெரிந்திருக்கும்.

அப்படி எரிந்துகொண்டிருந்த நாளில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பறவையைப் பார்க்கும்போது கஸ்தூரியின் உடம்பு பேசும். தாழ்வாகப் போகிற பூனைப்பருந்து என்றால் தோள் லேசாக ஆடும். வேகமாகப் பாய்கிற பைரி என்றால் குதிகால் தரையை விட்டு எழும்பும். உயரத்தில் வட்டமிடுகிற பெரிய பறவை என்றால் தாடை முன்னால் வரும், வாய் இறுக மூடிக்கொள்ளும், தலை மெதுவாகச் சுற்றும். அவள் விரல் வைத்து அளந்து, வாயைத் திறப்பதற்கு நான்கைந்து நொடி ஆகும். அந்த நான்கைந்து நொடி எனக்குப் போதும். அவள் பார்வை போகிற திசையை வைத்து, “தொட்டிக்கு மேலே நாலு விரல், தேன்பருந்து!” என்று நான் முந்திக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் வானத்தைப் பார்ப்பேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

வந்தவர்கள் என் கையைக் குலுக்குவார்கள். உங்களுக்குக் கழுகுக் கண் சார் என்பார்கள். டீக்கடையில் சார் சாட்சி கேட்கும்போது, வால் இப்படி, இறக்கை இப்படி என்று கஸ்தூரியே எனக்குச் சாட்சி சொல்வாள். அவள் பறவைக்கு நான் முதலாள், அவள் சாட்சி. இப்படியே ஐந்து குளிர்காலம் போனது.

ஐந்தாவது குளிர்காலத்தின் நடுவில் சார் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வேன் பழசாகிவிட்டது, விற்கப்போகிறார்கள். இனி வாடகை வண்டிதான். அடுத்த வருடத்திலிருந்து ஒரே ஒரு முதன்மை வழிகாட்டியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நிர்வாகக் குழுவினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வந்து பார்த்து முடிவு செய்வார்கள். வேன் இல்லையென்றால் எனக்கு ஓட்டுநர் வேலையும் இல்லை. கஸ்தூரியின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வேலை எனக்குத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. வேனில் போகும்போது கஸ்தூரி சாரிடம், “போன வாரம் ஏரி மேல பெரிசா ஒண்ணு சுத்திச்சு சார். கரேல்னு, வாலு குட்டையா. இன்னானு தெரியல” என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன். கறுப்பு, பெரிது, குட்டை வால் என்றால் பெரும்புள்ளிக் கழுகாக இருக்கலாம். எங்கள் பக்கம் அது வருவது மிக அபூர்வம்.

அன்று வானம் மூடிக் கிடந்தது. ஒன்பதரை மணிவரை ஒரு கரும்பருந்துகூடப் பறக்கவில்லை. குழுவினர் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நான் வழக்கம்போலக் கஸ்தூரியைப் பார்த்தேன். மதகுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். தாடை முன்னால் வந்திருந்தது. வாய் மூடியிருந்தது. தலை இடமிருந்து வலமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“பனைக்கு மேலே ஆறு விரல்! சூரியனுக்குக் கிட்ட! பெரும்புள்ளிக் கழுகு!” என்று கத்தினேன்.

இருபத்து மூன்று பேர் பைனாகுலரைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது. தேடினேன். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று விரல் விரலாகத் தேடினேன். வெறும் வானம். “ஆமா, தெரியுது, என்னமா இருக்கு!” என்றார் தொப்பி போட்ட குழு உறுப்பினர் ஒருவர். அவர் எதைப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம். திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

டீக்கடையில் சார் பதிவேட்டைத் திறந்தார். கரும்பருந்து எழுதினார், கருந்தோள் பருந்து எழுதினார். “பெரும்புள்ளிக் கழுகு. பாத்தது துரை. வால்?”

“குட்டை சார்.”

“இறக்கை?”

“அகலமா... நீளமா... அகலம் சார்.”

“வாகு?”

வட்டமிட்டது என்றேன். சார் பேனாவை வைத்துவிட்டுப் பைனாகுலரைக் கழற்றினார். மஞ்சள் துணி வெளியே வந்தது. தொப்பிக்காரர் நானும் பார்த்தேன் என்றார். வால் எப்படி இருந்தது என்று சார் கேட்டதும் அவர் டீயைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். சார் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், “கஸ்தூரி?” என்றார்.

அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை அவளுக்கு. ஐந்து வருடம் நான் அவளிடமிருந்து எடுத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பிவிடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தாங்க முடியாமல் அவளைப் பார்த்தேன்.

“பாத்தேன் சார்” என்றாள் கஸ்தூரி. “வாலு குட்ட. ரெக்க நல்லா அகலம், நுனியில வெரல் வெரலா விரிஞ்சிருந்துச்சு. அடிக்கவே இல்ல. அப்டியே ஒரு சுத்து சுத்திட்டு சூரியனாண்ட பூட்டுது.”

சார் துணியை மடித்துப் பையில் வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் பாக்கல. ரெண்டு பேர் பாத்திருக்கீங்க. விதி விதிதான்” என்று சொல்லி எழுதினார். சாட்சிக் கட்டத்தில் கஸ்தூரி கையெழுத்துப் போட்டாள். குழுவினர் கைதட்டினார்கள். இரண்டு வாரத்தில் எனக்கு முதன்மை வழிகாட்டி என்று கடிதம் வந்தது. சாருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் இறக்கும்வரை நான் கேட்கவில்லை.

அன்று எல்லாரையும் இறக்கிவிட்டுக் கஸ்தூரியைப் பாரிவாக்கம் முனையில் இறக்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“அங்க ஒண்ணும் இல்லையா?”

“இல்ல.”

“போன வாரம் பாத்தேன்னு சொன்னியே?”

“அதுவும் இல்ல. உனுக்காகத்தான் சொன்னேன். நீ எங்கணா வானத்தப் பாக்குற? அஞ்சு வருசமா என் மூஞ்சியத்தான பாத்துகினு கீற. இன்னிக்கு மாட்டி வுட்றலாம்னுதான் கழுத்தத் திருப்புனேன்.”

“அப்புறம் ஏன் சாட்சி சொன்ன?”

வேனிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக, “நானும் ஒன் மூஞ்சியப் பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாட்டிவிட்டிருந்தால் அவளை நான் மன்னித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். நல்ல கண் அவளிடம் இருந்தது, அது பிறவியிலேயே வருவது, நான் என்ன செய்ய முடியும் என்று தேறியிருப்பேன். மனசும் அவளுக்குத்தான் பெரிசு என்று அன்று காட்டிவிட்டாளே, அதை எப்படிப் பொறுப்பது? நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது பொறாமைதான், முன்பைவிட அதிகமாக.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் கஸ்தூரி மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தயாராகி வருகிற உதிரிப்பாகங்களில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தள்ளுகிற வேலை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே சூப்பர்வைசராக இருந்த என் தெருக்காரர் ஒருவர், “புதுசா ஒரு பொம்பள வந்துகீது மாமே, மெஷின் வுட்றதக்கூட அது புடிச்சுடுது” என்றார். அதற்கும் எனக்கு எரிந்தது. பதினெட்டு வருடம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் அந்தத் தெருப் பக்கம் நான் போனதில்லை.

அந்தப் பதினெட்டு வருடமும் நானே வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வேறு முகம் இல்லையே. தவறுகள் செய்தேன், டீக்கடையில் நானே என் பறவைகளைப் பதிவேட்டிலிருந்து அடித்தேன். சுமாரான வழிகாட்டி ஆனேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் பாரிவாக்கம் கரையில் நிற்கும்போது பனைக்கு மேலே ஆறு விரல் அளந்து பார்ப்பேன். ஒரே ஒரு பெரும்புள்ளிக் கழுகு நிஜமாக வந்துவிட்டால் போதும், பொய் பாதி கரைந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அது வரவே இல்லை. பனையையும் வெட்டிவிட்டார்கள்.

நிவேதா போன் செய்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் சாருடைய பைனாகுலர் இருந்தது. தோல் வாரில் நான் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை.

“வாணா. ரிட்டையர் ஆயிட்டியாமே. வழி தெரிஞ்சுதா?” என்றாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். “அந்தக் கழுக அடிக்கச் சொல்லப் போறேன் கஸ்தூரி. சாட்சின்னு உன் பேர் கீது. உன்னையும் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. அதான் உன்னைக் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

“சொல்லட்டுமே. பொய்தான சொன்னேன்?” என்று ஒரு துண்டை உதறினாள். “ஆனா எழுதுனா முழுசா எழுது. வேணும்னேதான் கழுத்தத் திருப்புனேன், உன் பொழப்புல மண்ணு போடத்தான் பாத்தேன், அதையும் எழுது. என்னிய நல்லவளாக்கிட்டு நீ மட்டும் கெட்டவனா குந்திக்காத. அதுலயும் நீதான் முந்திக்கணுமா?”

குற்றத்திலும் அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே முழுசாக எழுதிவிட்டேன். நிவேதா, நீ கேட்ட பக்கங்கள் இவைதான். வால் இல்லை, இறக்கை இல்லை, வாகு இல்லை. அந்த வரியை அடித்துவிடு.

அன்று மாடியில் டீ குடித்துக்கொண்டே கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். தாடை முன்னால் வந்தது. வாய் மூடியது. தலை இடமிருந்து வலமாக மெதுவாகச் சுற்றியது. என் நாக்கின் நுனியில் ஒரு பெயர் வந்து நின்றது. நல்லவேளை, சொல்லவில்லை. பைனாகுலரை எடுத்து, தூரத்தில் தெரிந்த குடிநீர்த் தொட்டிக்கு மேலே விரல் விரலாக அளந்து தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன். நீல வானம்தான் இருந்தது.

“இன்னா கீது அங்க?” என்றேன்.

“ஒண்ணும் இல்லணா. கழுத்து வலி” என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் நம்பவில்லை. மாடிப்படி இறங்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் ‘கீது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாட்சிக் கட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.